ரெஸ்யூமில் அப்பா பெயர் எதற்கு?

படிப்பு முடித்த தம்பி தங்கைகள் சிலர் ரெஸ்யூமைப் பார்த்துச் சொல்லக் கேட்டு அனுப்புகிறார்கள். பலவற்றில் அப்பா பெயர், மதம், திருமணமானவரா இல்லையா, கடைசியில் உறுதிமொழி, கையெழுத்து. தனியார் வேலைக்கு விண்ணப்பிக்க இவை வேண்டியதில்லை. அந்த இடத்தை நீங்கள் செய்த வேலைக்குக் கொடுங்கள்.

ஒரு தம்பி, "ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்: வருகைப்பதிவு செயலி" என்று ஒரே வரியில் முடித்திருந்தான். பேசப் பேசத்தான் தெரிந்தது, டேட்டாபேஸ் முழுக்க அவன் கைவேலை. அவன் துறையில் இன்றும் அதில்தான் வருகை பதிகிறார்களாம். இதையல்லவா முதலில் எழுத வேண்டும்! தன் உழைப்பைத் தானே சொல்ல நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு கூச்சம். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் இன்னும் அதிகம். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இன்னொன்று. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஏடிஎஸ் என்ற மென்பொருள் வழியாகத்தான் ரெஸ்யூம் உள்ளே போகிறது. கட்டங்கள், இரட்டைப் பத்தி, படமாக ஒட்டிய எழுத்து இருந்தால் அது தடுமாறலாம். கேன்வா அலங்காரம் வேண்டாம். வேர்டில் நேராக ஒரு பக்கம் போதும். விளம்பரத்தில் கேட்ட திறமை நிஜமாகவே உங்களிடம் இருந்தால், அதே பெயரில் எழுதுங்கள்.

பார்த்துத் திருத்தித் தர ஆள் இல்லாதவர்கள் இன்பாக்ஸில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன்.