வாய் இல்லாத எரிமலை

2024 மே 14, செவ்வாய்

எடின்பரோவில் மகள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே ஆர்தர்ஸ் சீட். 251 மீட்டர்தான் உயரம். பார்த்தால் சாதுவான பச்சைக் குன்று. 34 கோடி ஆண்டுகளுக்கு முன் நெருப்பைக் கக்கியதாம். "நாளைக்கு ஏறலாம்ப்பா, ஆனா செருப்போட வரக் கூடாது" என்றாள்.

மே 15, புதன்

டன்சாப்பி ஏரிப் பக்கமாக ஏறினோம். முழங்காலுக்கு அதுதான் நல்ல வழி. சரிவெல்லாம் கோர்ஸ் என்கிற முட்புதர், மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. மோந்து பார்த்தால் அசல் தேங்காய் வாசனை! மனைவி நம்பவில்லை. முள் குத்தக் குத்த ஒரு பூவைக் கிள்ளி மோந்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

கடைசி ஏற்றம் வெறும் பாறை. ஏறி இறங்கியவர்களின் கால் பட்டுப் பட்டுக் கறுத்த பசால்ட் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. வெயிலில் காய்ந்திருந்தும் வழுக்கியது; கையூன்றித்தான் ஏறினேன். உச்சியில் நில அளவைத் தூணைப் பிடித்துக்கொண்டு படமெடுக்க இளவட்டங்களின் வரிசை. காற்று ஆளைத் தள்ளுகிறது. வடக்கே ஃபோர்த் கழிமுகம், தூரத்துக் கடலில் பாஸ் ராக் தீவு, மேற்கே கோட்டை. அந்தத் தீவும் கோட்டைப் பாறையும்கூடப் பழைய எரிமலைகளின் மிச்சங்களே.

"எரிமலைன்னா வாய் எங்கேங்க?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. வாயும் கூம்பும் எப்போதோ தேய்ந்துபோயின. கக்கி ஓய்ந்த எரிமலையை மணலும் சேறும் படிந்து மூடின. பின்னாளில் பனியாறுகள் அதையெல்லாம் வழித்தெடுத்தபோது, குழம்பு மேலேறி வந்த குழாய்க்குள் உறைந்த பாறை மட்டும் கரையாமல் நின்றது. நாங்கள் நின்றது அதன் தலையில்.

மே 16, வியாழன்

மழை. அருங்காட்சியகம். 1836-இல் இந்தக் குன்றில் முயல் பிடிக்கப் போன சிறுவர்களுக்குக் கிடைத்த குட்டிச் சவப்பெட்டிகள் இங்கே இருக்கின்றன. கிடைத்தவை 17, எஞ்சியவை 8. ஒவ்வொன்றிலும் உடுப்பு மாட்டிய மரப்பொம்மை. யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்பது இன்றுவரை துலங்கவில்லை.

மே 17, வெள்ளி

சாலிஸ்பரி கிராக்ஸ். குன்றின் மேற்குப் பக்கத்துச் செங்குத்துப் பாறை. நான் வந்ததே இதற்காகத்தான்.

பாறைகளெல்லாம் ஆதிக் கடல்நீரிலிருந்து படிந்தவை என்று பெரிய பெரிய அறிஞர்கள் சாதித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த ஊர்க்காரர் ஜேம்ஸ் ஹட்டன் மறுத்தார். இங்கே ஓரிடத்தில் கரும்பாறை, படிவுப் பாறையின் அடுக்கைப் பிய்த்து, பாயின் அடியில் கைவிட்டு நெம்பியதுபோல் தூக்கிவிட்டிருக்கிறது. உருகிய குழம்பாக ஊடே நுழைந்திருந்தால்தான் அது முடியும். ஆகவே கரும்பாறை பிந்தியது. பூமியின் வயதைச் சில ஆயிரம் ஆண்டுகளில் அடக்க முடியாது என்று அவர் வாதாடியதற்கு இப்படிப்பட்ட பாறைகளே சாட்சி.

அடிவாரத்துப் பாதைக்கு ராடிகல் ரோடு என்று பெயர். 1820-இல் ஸ்காட்லாந்தில் ‘ராடிகல்’ எனப்பட்ட சீர்திருத்தவாதிகள் செய்த கலகத்துக்குப் பிறகு, வேலையிழந்த நெசவாளிகளைக் கொண்டு போட்டது. யோசனை நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டினுடையது. 2018-இல் கல் சரிந்ததிலிருந்து மூடிக் கிடக்கிறது. ஹட்டனின் பாறை தடுப்புக்கு அப்பால். சாலையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

கல் விழும் ஆபத்து நிஜம்தான், மறுக்கவில்லை. ஆனால் உச்சிக் காட்சி எந்த ஊர்க் குன்றிலும் கிடைக்கும். இந்தப் பாறை இங்கேதான் இருக்கிறது. பாதை முழுவதையும் திறக்காவிட்டாலும், அதுவரை போகிற துண்டையாவது சீர்செய்து திறந்துவிடுங்கள், ஐயா!