புகையில்லாப் புகைவண்டி

எங்கள் வீட்டில் இன்றும் 'புகைவண்டி' என்றே சொல்கிறோம். மத்திய அரசுப் பணியின் பொருட்டு அகமதாபாத்துக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. "இதில் புகையே வரவில்லையே அப்பா?" என்று எங்கள் மகள் சிறுவயதில் கேட்டபோது சிரித்து மழுப்பிவிட்டோம். அதற்கு விடை சபர்மதியில் இருந்தது. மும்பையிலிருந்து வரும் 508 கிலோமீட்டர் அதிவேக இருப்புப்பாதையின் முடிவிடம் அங்கேதான் எழுந்து வருகிறது. நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் அதே சபர்மதியில்தான் நிற்கின்றன. நாட்டின் மின்சாரத்தில் மிகப்பெரும் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே பிறக்கிறது. வண்டியின் தலையிலிருந்த புகை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

2017 செப்டம்பரில் அப்பாதைக்கு அடிக்கல் நாட்டிய நாள் முதல், எங்கள் அலுவலகத்தில் உணவு இடைவேளைதோறும் அதைப் பற்றிய வழக்காடல் நடந்து வருகிறது. மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம் என்றால் மின்சாரத்தை விழுங்கித் தீர்க்காதா என்பார் ஒருவர். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். அவர் அஞ்சுவதில் நியாயமுண்டு. ஆயினும் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருள்வதால் உராய்வு மிகச் சிறிது. வேகத்தைத் தணிக்கும்போது மோட்டார்களே மின்னாக்கிகளாகிச் செலவழித்ததில் ஒரு பகுதியை மின்கம்பிக்குத் திருப்பித் தருகின்றன. ஜப்பானில் பறவைகளைக் கூர்ந்து நோக்கும் பழக்கமுள்ள எய்ஜி நகாட்சு என்ற பொறியாளர், மீன்கொத்தியின் அலகைப் பார்த்து வண்டியின் முகப்பை அமைத்தார். சுரங்கத்தை விட்டு வெளிவருகையில் எழுந்த பேரோசையை அடக்கவே அதைச் செய்தார், மின்செலவும் குறைந்தது. 1997-இல் ஓடத் தொடங்கிய அவ்வண்டியின் படத்தை எங்கள் மகள் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

இவ்வளவும் அறிந்திருந்தும், வேகம் வேண்டாம் என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. 2009-இல் ஒரு நள்ளிரவு, கும்பகோணத்திலிருந்து அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்றார். விமானச் சீட்டு எங்கள் சம்பளத்துக்கு எட்டாததாயிருந்தது. நவஜீவன் விரைவு வண்டியில் ஏறினோம். புதுவாழ்வு என்று பெயர்! சென்னை சேர ஒன்றரை நாள். அதன்பின் ஊருக்கு வேறு வண்டி. வார்தாவைக் கடக்கும்போது செய்தி வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது திண்ணையில் ஈரம் மட்டுமே இருந்தது. "எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பது?" என்றார் அண்ணன். எங்களிடம் மறுமொழி இல்லை.

ஆகவே அதிவேக வண்டியை நாங்கள் இருமனத்தோடுதான் பார்க்கிறோம். 1981-இல் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே அத்தகைய வண்டி ஓடத் தொடங்கியபின் விமானத்தில் செல்வோர் பெருமளவு குறைந்தனர். மும்பை விமானங்களின் கூட்டம் அவ்வாறே இறங்கி வந்து இதில் ஏறினால் ஆதாயம்தான். தானே கழிமுகத்துக்கு அடியில் 7 கிலோமீட்டர் சுரங்கம் அமைத்துப் பூநாரைகளின் புகலிடத்தைக் காக்க முனைந்ததும் பாராட்டத்தக்கதே. ஆனால் அதே பாதைக்காக ஏறத்தாழ 20,000 அலையாத்தி மரங்களை வெட்ட 2022 டிசம்பரில் நீதிமன்றம் அனுமதி தந்தது. வேறு இடத்தில் நடுவார்கள். கன்று மரமாகும் வரை கடலைத் தடுப்பது யார்? காலி இருக்கைகளோடு வண்டி ஓடினால் அந்த மரங்களின் கணக்கு நேராகாது. படுக்கைதோறும் ஆளும், கீழே மூட்டைகளுமாக ஊர்ந்து செல்லும் நவஜீவனில் ஓர் ஆளுக்கு ஆகும் மின்செலவு சொற்பம். அந்தச் சிக்கனத்தை யாரும் அடிக்கல் நாட்டிக் கொண்டாடுவதில்லை.

பொங்கலுக்கு ஊர் செல்ல நவஜீவனிலேயே முன்பதிவு செய்திருக்கிறோம். விமானத்தில் போகலாமென்ற மகள், கணக்கைத் தானே போட்டுப் பார்த்துவிட்டு, மேல் படுக்கை தனக்கே வேண்டுமென்கிறாள். ஊரில் தந்தையார் இருக்கிறார், வயது எண்பத்திரண்டு. விமானச் சீட்டுக்கென்று ஒரு தொகையை வங்கியில் தனியே போட்டு வைத்திருக்கிறோம். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.