லைன்

இராஜபாளையத்தில் ஒரு நாளில் அதிகமாகக் காதில் விழும் ஆங்கிலச் சொல் எது என்று யோசித்தால், ‘லைன்’ என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் ஊர் செய்யும் காரியங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

அய்யனார் கோவில் பக்கமிருந்தே தொடங்கலாம். ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அந்தத் தெய்வத்துக்கு நீர்காத்த அய்யனார் என்று பெயர். அந்த மலையிலிருந்து இறங்கும் நீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து நகரத்தின் குடிநீராகிறது. நீர் வரும் குழாய் லைன். ‘இன்றைக்கு எங்கள் லைனுக்குத் தண்ணீர் இல்லை’ என்னும்போது குழாய், தெரு, முறை மூன்றும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. மலைமேல் காடு. 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. கோடைத் தீ பரவாமலிருக்கப் புல்லையும் சருகையும் அகற்றி வெறும் மண்ணாக விடும் பட்டைக்கு வனத்துறையினர் வழங்கும் பெயர் ‘ஃபயர் லைன்’.

ஊருக்குள் வந்தால் மின்கம்பி லைன். அதைப் பார்ப்பவர் லைன்மேன். கடை கடையாகச் சரக்குப் போடவும் பணம் வசூலிக்கவும் கிளம்புகிறவர் ‘லைனுக்கு’ப் போகிறார். தொழிலை மாற்றிக்கொண்டவர் ‘வேறு லைனுக்கு’ப் போய்விட்டார். கையிலிருக்கும் தொலைபேசியில் கம்பியே இல்லாத காலத்திலும் ‘லைனில் இருங்கள்’ என்கிறோம். ஒரே தடத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடக் கூடாதென்று அடுத்த நிலையத்திலிருந்து பெறும் அனுமதி ‘லைன் கிளியர்’. பெண் வீட்டார் சம்மதித்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் சொல்வதும் அதுவே. இளைஞர்கள் ‘அடிக்கும்’ லைனை மட்டும் ஆங்கிலேயர் எவரிடமும் சொல்லி விளங்கவைக்க முடியாது. அது முழுக்க நம் கைச்சரக்கு.

இதன் வேரைத் தேடிப் போனால் இன்னொரு வியப்பு. லத்தீனில் ‘லீனும்’ என்பது ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. அந்த வழியில் வந்ததே ‘லைன்’. ஆக, அதன் முதற்பொருள் நூல். 1936இல் இராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்ட பிறகு நூற்பாலைகளால் வளர்ந்த ஊர் எங்களுடையது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்வது மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி. நூல் திரிக்கும் ஊரில், நூலைக் குறித்த ஒரு அயற்சொல் இவ்வளவு வேர்விட்டிருப்பது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. நம் ‘நூல்’ மட்டும் சாமானியமா? பஞ்சில் திரிக்கும் இழை, மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சர் பிடிக்கும் கயிறு, புலவர் எழுதும் நூல் என்ற மூன்றையும் பிணைத்தே நன்னூல் தன் பாயிரத்தில் நூலுக்கு விளக்கம் சொல்கிறது.

வட்டாரச் சொற்களைத் தொகுத்துவரும் நண்பர் ஒருவர் தன் பட்டியலில் ‘லைனை’ச் சேர்க்க மறுக்கிறார். குழாய், கம்பி, தடம், வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் தமிழ் இருக்கிறதே என்பது அவர் தரப்பு. உண்மை. எழுதும்போது நானும் அவற்றையே எழுதுவேன். ஆனால் எழுதுவது வேறு, தொகுப்பது வேறு. குழாயும் கம்பியும் தண்டவாளமும் எந்தக் காலத்தில், யாருடைய ஆட்சியில் நம் ஊர்களுக்குள் நுழைந்தன என்பதற்கு இந்தச் சொல்லே சாட்சி. அதை நீக்கினால் பட்டியல் தூய்மையாகலாம், சாட்சி போய்விடும்.

அப்படிப் போகக்கூடாத சாட்சிக்கு இலங்கை மலையகத்தைச் சொல்வேன். தோட்டத் தொழிலாளருக்கு வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய வரிசை வீடுகளுக்கு ‘லைன்’ என்றே பெயர். ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. தலை எண்ணும் துரைக்கு அது வரிசை. உள்ளே பிறந்து, பிள்ளை பெற்று, செத்தவர்களுக்கு அதுதான் வீடு. அவர்கள் வாயில் அது ‘லயன்’ ஆகி, ‘லயம்’ ஆயிற்று. தாளத்தையும் ஒன்றிக் கரைதலையும் குறிக்கும் வடசொல்லோடு ஒலியில் ஒன்றாகிவிட்டது. கூர்ந்து கேட்டால் குதிரை ‘லாயமும்’ பக்கத்தில் ஒலிக்கும். ஆங்கிலத்தின் எந்தப் பெரிய அகராதியும் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு பாரத்தை ஏற்றியிருக்காது.

1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. மூட்டை முடிச்சுகளோடு அந்தச் சொல்லும் கப்பலேறி வந்தது. அப்படி வந்த ஒரு பாட்டி எங்கள் தெருவில் இருந்தார். ‘லயத்துல இருக்கறப்ப’ என்றுதான் எந்தப் பேச்சையும் தொடங்குவார். லயத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது பாட்டி என்று ஒருமுறை கேட்டேன்.

‘ஏன் தம்பி, லயம் தமிழ் இல்லையா?’ என்றார்.

2023இல் மலையகத் தமிழர் தங்கள் வரலாற்றின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தபோதும் பல குடும்பங்கள் லயங்களிலேதான் இருந்தன. அந்த அறைகள் இடிபட்டு, எல்லோருக்கும் சொந்த நிலத்தில் தனி வீடு வர வேண்டும். அதன் பிறகும் அகராதியில் லயம் இருக்கட்டும், பிறமொழிச் சொல் என்ற குறிப்பு இல்லாமல்.