காரைக்குடிக்கு வந்த சீஸ்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், பழைய சாமான் கடைகளில் ஸ்வீடன் நாட்டு எனாமல் கிண்ணங்களும் அடுக்குகளும் குவிந்திருக்கும். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று கடல் கடந்து எத்தனையோ வந்தும், செட்டிநாட்டு அடுப்படி மட்டும் நம் அடுப்படியாகவே இருந்துவிட்டது. இப்போது லீவுக்கு வரும் பிள்ளைகள், "அத்தை, சீஸ் இருக்கா?" என்கிறார்கள்! டப்பாவில் விற்கும் மஞ்சள் கட்டிதான் சீஸ் என்று நினைக்கும் சகோதரிகள் ஒருமுறை பாண்டிச்சேரி போய்வர வேண்டும்.

சென்னை ரயிலில் ஏறி விழுப்புரத்தில் இறங்கினால், அங்கிருந்து பஸ். 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் அல்லவா! பக்கத்திலேயே 1968-ல் உருவான ஆரோவில். அங்கே 'லா ஃபெர்ம்' என்ற பெயரில் சீஸ் செய்கிறார்கள். பிரெஞ்சில் 'பண்ணை' என்று அர்த்தமாம். பிரான்சின் 'ரெப்லோஷோன்' வகையைத் தழுவிச் செய்ததற்கு 'ஆரோப்ளோஷோன்' என்று பெயர். குறும்புக்காரர்கள்தான்!

கடையில் நின்றால் எதை வாங்குவது என்று திகைப்பாக இருக்கும். எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பாருங்கள், பாதி விஷயம் புரிந்துவிடும். இத்தாலியின் ரிக்கோட்டா ஈரமானது, சில நாள்தான் தாங்கும். ஹாலந்தின் கௌடா, இங்கிலாந்தின் செடார் எல்லாம் அழுத்திப் பதப்படுத்தியவை. பார்மேசானோ கல் மாதிரி, குறைந்தது 12 மாதம் பழுக்க வைக்கிறார்கள். ஒரு கிலோ கெட்டிச் சீஸுக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும். விலையைப் பார்த்து மலைப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி வெயிலுக்குத் தூரப் பயணத்தில் கெட்டி வகைதான் தோது. அதையும் ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

என் மாமியார் சுத்த சைவம். "இதுல கவுச்சி எதுவும் கலக்கலையே ஆத்தா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பாலைத் திரிய வைக்க ஐரோப்பாவில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் 'ரென்னெட்' சேர்ப்பது பழைய வழக்கம். அசல் இத்தாலிப் பார்மேசானுக்கு இன்றும் அதுதான். நம் நாட்டுச் சட்டமோ சீஸுக்குப் பிராணி ரென்னெட் கூடாது என்கிறது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து உறவினர் பெட்டியில் கொண்டுவருவதற்கு இந்தக் காவல் கிடையாதே! பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்கியதைத்தான் அவர்கள் தட்டில் வைத்தேன்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைப் பூஞ்சைத் தோல் உள்ள ப்ரீ, காமம்பெர் வகைகளும், நீலப் பூஞ்சை ஓடிய சீஸும் பச்சையாக வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி வயிற்றுப் பிள்ளையைத் தாக்கிவிடும். கொதிக்கக் கொதிக்கச் சமைத்தால் பயமில்லை. காய்ச்சாத பாலில் செய்த எந்தச் சீஸும் அவர்களுக்கு ஆகாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உப்புக் கூடிய வகைகளைக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாப்பிட அரை மணி முன்னால் வெளியே எடுக்க வேண்டும் என்பார்கள் வெள்ளைக்காரர்கள். நம் ஊரில் பத்து நிமிஷமே ஜாஸ்தி! குழிப்பணியார மாவில் துருவிய செடாரைக் கலந்து, உப்பைக் குறைத்து ஊற்றினேன். பிள்ளைகள் சட்டியைக் காலி செய்தார்கள். கிரேக்க நாட்டு ஃபெட்டா உப்புத் தண்ணீரில் ஊறுவது. பச்சைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்து, வெள்ளரிக்காய், தக்காளியோடு கலந்தால் வெயிலுக்கு இதம். மாமியாருக்குப் பிடித்தது கௌடாதான், அதுவும் உலர்ந்த திராட்சையோடு.