அரைப்பேர்

எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே கிழமையில்தான் காய்ச்சல் வந்தது. 2021 ஆகஸ்ட், டெல்டா அலை உச்சத்தில் இருந்த நேரம். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த அண்ணன், நாட்டைப் பூட்டப் போறாங்க என்ற கதை வந்ததும் கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்தான். மூன்றாம் நாள் அவனுக்கு இருமல். பிறகு அப்பா, அப்பாயி, நான், கடைசியாக அம்மா. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில் எங்கே போய்த் தனிமைப்படுறது? நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டிவிட்டு, அதைத்தான் தனிமைப்படுத்தல் என்று சொல்லிக்கொண்டோம்.

அன்டிஜன் செய்தது அண்ணனுக்கு மட்டும். பொசிட்டிவ். “மத்தவங்களுக்கும் எப்படியும் வந்திருக்கும், வீட்டிலேயே இருங்க” என்றார்கள். எங்களுக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. அந்தத் துண்டு இல்லாததால் பின்னால் என்ன வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

அப்பாயிக்கு 74 வயது. எல்லாரும் அவருக்குத்தான் பயந்தோம். அவர் பத்தாம் நாள் எழும்பி வெற்றிலை இடிக்கத் தொடங்கிவிட்டார். எழும்ப முடியாமல் போனது அம்மாவுக்கு. அப்போது அவருக்கு 46. காய்ச்சல் மூன்றே நாள், அதுவும் லேசாக. ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஊரடங்கிலும் தோட்டத்தில் வேலை நிற்கவில்லை என்பதால் பதினைந்தாம் நாள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். அன்று பின்னேரம் வந்து இஸ்தோப்பில் குந்தியவர் இரவு எட்டு மணி வரைக்கும் எழும்பவில்லை.

ஏன் அம்மாவுக்கு மட்டும்? இந்தக் கேள்வியை நான் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் கேட்டேன். அதுவரைக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது: மனசு. “சும்மா யோசிச்சு யோசிச்சுத்தான் உங்களுக்கு வருத்தம் வருது” என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். தலைக்குள்ள பனி எறங்கின மாதிரி இருக்கு, அடுப்புல என்ன வச்சேன்னு மறந்து போவுது என்று அவர் சொன்னபோது நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் மருத்துவர்களும் இதற்குப் பனிமூட்டம் என்ற சொல்லைத்தான் பாவிக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

என் பதிலை உடைத்தது ஒரு பிஸ்கட் டின். 2023இல் ஸ்டடி லீவுக்கு வந்திருந்தேன். “சம்பளத்துல ரெண்டு நாள் கொறையுது பாப்பா, கூட்டிப் பாரு” என்று அம்மா டின்னைத் தந்தார். உள்ளே கொழுந்து நிறுத்துக் கொடுக்கும் துண்டுகள். அவர் எதையும் எறியாதவர், மூன்று வருஷத்தையும் மாசம் மாசமாக றபர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

தோட்டக் கணக்குத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். குறித்த கிலோவை எடுத்தால்தான் ‘பேர்’ விழும், முழு நாள் சம்பளம் வரும். எடுக்காவிட்டால் அரைப்பேர். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் கிலோவையும் கூட்டி 18 ஆக்கினார்கள். அந்த வருஷம் ஜூலை வரைக்கும் அம்மாவின் துண்டுகளில் 19, 20, 18, 21. செப்டெம்பரிலிருந்து 11, 9, 12. இடையில் எப்போதாவது ஒரு 18 வரும். அது வந்து ஒரு நாளோ இரண்டு நாளோ தள்ளி 7 வரும், அல்லது துண்டே இருக்காது.

உரத் தடையால் கொழுந்தே குறைந்த காலம் அது என்று எனக்கும் தோன்றியது. அதனால் பக்கத்து வீட்டு அத்தையின் துண்டுகளையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். அவவுக்கும் குறைந்துதான் இருந்தது, ஆனால் இப்படி ஏறி விழவில்லை. (புள்ளிவிபரவியலில் எனக்கு சி தந்த விரிவுரையாளர் இதை வாசிக்கக்கூடாது.)

அன்றிரவு சிக்னல் கிடைக்கும் பீலிக்கரைக்குப் போய் நின்று தேடினேன். உடம்பை வருத்தினால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாமல், ஒரு நாள் இரண்டு நாள் கழித்து விழுத்திவிடும் களைப்பு, நெடுங்கோவிட்டின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. தொற்றி மூன்று மாதம் ஆன பிறகும், குறைந்தது இரண்டு மாதமாக நீடிக்கும், வேறு நோயால் விளக்க முடியாத தொந்தரவுகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் இதற்கு வரைவிலக்கணம் கொடுத்தது. ஆனால் பெயரை வைத்தது வைத்தியர் இல்லை. எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர், தானே நோயாளியாக இருந்தபோது, 2020 மே மாதம் ட்விட்டரில் போட்ட ஹாஷ்டேக் அது. கலைப்பீடத்துக்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிடலாம்.

பிறகு ‘ஏன் சிலருக்கு மட்டும்’ என்று தேடினேன். 2023 மார்ச்சில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. 41 ஆய்வுகளை, ஏறத்தாழ 8 லட்சத்து 60 ஆயிரம் பேரின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பெண்களுக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ஆஸ்பத்திரியில் கிடக்குமளவுக்கு வந்தவர்களுக்கு இரண்டரை மடங்கு. 40 வயதுக்கு மேல், உடற்பருமன், புகைத்தல், ஏற்கனவே இருக்கும் நீரிழிவு, ஆஸ்துமா, மனச்சோர்வு எல்லாம் வரிசையில் வருகின்றன. தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு வாய்ப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைவு.

ஒவ்வொன்றாக அம்மாவோடு வைத்துப் பார்த்தேன். பெண், சரி. 40க்கு மேல், சரி. சீனி, இருக்கிறது. ஒரு டோஸ் சினோபாம் மட்டும் போட்டிருந்தார், இரண்டாவதுக்குள் காய்ச்சல் வந்துவிட்டது. பருமன்? அம்மா கூடையோடு சேர்ந்தாலே ஐம்பது கிலோ வராது. ஆஸ்பத்திரி? இல்லை. பாதி அம்மா இருந்தார், பாதி இல்லை.

2022 தொடக்கத்தில் ‘செல்’ இதழில் வந்த இன்னொரு ஆய்வு சின்னது, 309 நோயாளிகள்தான். ஆனால் அவர்களின் இரத்தத்தையே பார்த்திருக்கிறார்கள். தொற்றின் ஆரம்பத்திலேயே நான்கு விஷயங்கள் பின்னால் வரும் தொந்தரவோடு சேர்ந்து தெரிந்தன: இரண்டாம் வகை நீரிழிவு, இரத்தத்தில் வைரசின் ஆர்.என்.ஏ., உடம்பில் முன்பே ஒளிந்து கிடந்த எப்ஸ்டீன் பார் வைரஸ் மறுபடி எழும்புவது, சொந்த உடம்பையே தாக்கும் பிறபொருளெதிரிகள். இதில் முதலாவதை மட்டும்தான் எங்கள் ஊர் கிளினிக்கில் விரலில் குத்திப் பார்க்க முடியும்.

நான் அதிக நேரம் நின்றது பிரித்தானியாவின் குடும்ப வைத்தியர்களுடைய பதிவுகளை வைத்துச் செய்த 2022 ஆய்வில். ஆஸ்பத்திரியில் சேராத, வீட்டிலேயே கிடந்த நாலு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அங்கே பெண், புகைத்தல், பருமன் என்பவற்றோடு இரண்டு சொற்கள் இருந்தன: சிறுபான்மை இனம், வறுமையான பகுதி. வயதைப் பொறுத்தவரை அது மற்ற ஆய்வுக்கு நேரெதிராக, இளையவர்களுக்குத்தான் கூட என்கிறது. இப்படி முரண்படுவதைப் பார்த்ததும் எனக்கு ஏனோ அவற்றின் மேல் நம்பிக்கை கூடியது. கூட்டத்தில் எத்தனை பேருக்கு வரும் என்றுதான் இவை சொல்கின்றன. அந்த ஆள் யார் என்று சொல்வதில்லை. ‘பெண்’ என்பது ஆபத்துக் காரணி என்றால் அம்மா பெண்ணாக இருந்தது பிழை என்றாகாது. ஆனால் லயத்தில் கதை அப்படித்தான் போகிறது: ஒழுங்கா மருந்து குடிக்கல, சீனியப் பார்க்கல, ஒடம்ப வளர்த்துக்கல.

இன்னொன்றும் உறைத்தது. கடுமையாக வந்தவர்களுக்கு ஆபத்து கூட என்பது உண்மை. ஆனால் லேசாக வந்து வீட்டில் கிடந்தவர்கள் தொகையில் அவர்களைவிட எத்தனையோ மடங்கு. அந்தப் பெரிய தொகையில் சின்ன வீதம் என்றாலும் ஆட்கள் நிறைய. அவர்களில் டெஸ்ட் துண்டு இல்லாதவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். அம்மாவின் கிளினிக் கொப்பியில் 2021க்குப் பிறகு இருப்பது சீனி, இரத்தம் குறைவு, ‘மாதவிடாய் நிற்கும் வயது’. கொரோனா என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அது இல்லாததற்கு ஒரு காரணம் நான். அங்கே வைத்தியர்கள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் கேட்பார்கள், மொழிபெயர்க்க நான்தான் போவேன். எப்போ இருந்து இந்தக் களைப்பு என்று கேட்டால் அம்மா ஒவ்வொரு முறையும் “அந்தக் கொரோனா காய்ச்சலுக்குப் பொறவுதான்” என்பார். நான் “ஒன்றரை வருஷமாக” என்று மட்டும் சொல்வேன். வரிசையில் பின்னால் நூறு பேர் நிற்பார்கள். டெஸ்ட் இல்லாமல் கொரோனா என்று சொன்னால் சிரிப்பார்களோ என்ற வெட்கம் வேறு. பல்கலைக்கழகம் போகிற மகள் அல்லவா, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். காய்ச்சல் வந்த திகதி, வீட்டில் ஐந்து பேர், ஒருவருக்கு பொசிட்டிவ், அதற்கு முன்பும் பின்பும் எடுத்த கிலோ. வைத்தியர் இளம் ஆள். இரண்டு தரம் வாசித்துவிட்டு, கிலோ ஏன் எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். தைரொயிட்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் எழுதித் தந்தார். இதற்கென்று தனி மருந்து இல்லை என்பதை ஒளிக்கவில்லை. உடம்பு நல்லா இருக்கிற நாளிலும் முழுசாக வேலை செய்ய வேண்டாம், பாதியோடு நிறுத்தச் சொல்லு என்றார். நான் மொழிபெயர்த்தேன், இந்த முறை ஒரு சொல்லும் விடாமல்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாதிதானே எடுக்குறேன். அதுக்குத்தானே அரைப்பேர் போடுறாங்க.”

இலகு வேலை கொடுக்கும்படி அவர் எழுதித் தந்த கடிதத்தைத் தோட்ட ஆபீஸில் கொடுத்து இரண்டு மாசம் ஆகிறது. பதில் வரவில்லை. அப்பா அதைக் கேட்கப் போன நாளில் துரை இல்லை. போன கிழமைத் துண்டுகளை அம்மா போனில் வாசித்துக் காட்டினார்: 12, 10, 18, 13. வெள்ளிக்கிழமை போகவில்லை. ஏன் 18 எடுத்தீங்க என்று கேட்டேன். ஹொஸ்டல் காசு கட்டணும்னு சொன்னியே என்றார்.