கோணிக் கூடிய எலும்பு

மனித உடம்பில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றுள் நீளத்திலும் வலிமையிலும் முதலிடம் பெறுவது தொடையெலும்பு. ஒருவருடைய உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதன் நீளம். நிற்கும்போதும் நடக்கும்போதும் உடலின் சுமையை இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கொண்டு செல்வது அதுவே. அத்தகைய எலும்பு முறிந்தாலும், முறிந்தபடியே கிடப்பதில்லை, மீண்டும் கூடுகிறது. இஃது இயற்கை நமக்கு அளித்த பெருங்கொடை. ஆயினும், கூடுதல் வேறு. நேராகக் கூடுதல் வேறு. இவ்வேறுபாட்டை நான் நூல்களால் அறியவில்லை. என் இடக்காலால் அறிந்தேன்.

எனக்கு அப்போது வயது பதினேழு. புளி உலுக்க ஏறிய மரத்தில் கிளை முறிந்தது. அதனோடு நானும் விழுந்தேன். தொடையெலும்பு நடுவில் முறிந்தது. எங்கள் ஊரில் எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டும் முதியவர் ஒருவர் இருந்தார். கை முறிந்து அவரிடம் சென்று நலம் பெற்றவர் பலர். அவர் எவரிடமும் காசு கேட்டதில்லை. முட்டையின் வெண்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தைகளைச் சுற்றிலும் வைத்து என் தொடையைக் கட்டினார். மூன்று திங்கள் படுக்கையில் இருந்தேன். கட்டு அவிழ்த்த நாளில் எலும்பு கூடியிருந்தது. வீட்டில் அனைவரும் மகிழ்ந்தனர். ஆனால், நான் எழுந்து நின்றபோது இடக்குதிகால் தரையைத் தொடவில்லை.

இதற்குக் காரணம் என்ன? எலும்பு முறிந்தவுடன் அவ்விடத்தில் குருதி கசிந்து உறைகிறது. சில வாரங்களில் அதன் இடத்தில் மென்மையான இழை தோன்றி இரு முனைகளையும் பற்றுகிறது. பின்னர் அதில் சுண்ணச் சத்துப் படிந்து கெட்டியாகிறது. முனைகள் எந்த நிலையில் இருக்கின்றனவோ, அந்த நிலையிலேயே அவை ஒட்டிக்கொள்கின்றன. தொடையைச் சுற்றியிருப்பவையோ உடலிலேயே மிக வலிய தசைகள். அவை முறிந்த எலும்பின் மேல்துண்டை வெளிப்புறமாக இழுக்கும். கீழ்த்துண்டை மேல்நோக்கியும் உட்புறமாகவும் இழுக்கும். மூங்கில் பத்தைகளால் அந்த இழுப்பைத் தடுக்க இயலாது. சிறு குழந்தைகளுக்கு ஓரளவு வளைவு வளர்ச்சியோடு தானே நேராகிவிடும். நானோ வளர்ச்சி முடியும் பருவத்தில் இருந்தேன்.

பத்து ஆண்டுகள் அந்தக் காலோடு நடந்தேன். 'நொண்டி' என்ற சொல் பழகிவிட்டது, வலி பழகவில்லை. முதலில் முழங்கால் நொந்தது; பின்னர் இடுப்பு நொந்தது. நகரத்து மருத்துவர் ஒருவர் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக் காட்டினார். எலும்பு வில்லைப் போல் வெளிப்புறம் வளைந்திருந்தது. 4 சென்டிமீட்டர் குறுகியும் இருந்தது. கூடிய இடத்தில் அதை வெட்டி, நேராக்கி, நீட்ட வேண்டும் என்றார் அவர்.

என் அன்னை திடுக்கிட்டார். "ஐயா, கூடிய எலும்பை மறுபடியும் உடைப்பதா? இவன் ஒருமுறை துடித்ததைக் கண்ட கண்கள் இவை. இப்போது நடக்கிறானே, அது போதாதா?" என்று கேட்டார்.

மருத்துவர் அவருடைய அச்சத்தை எள்ளவில்லை. "அம்மா, நீங்கள் அஞ்சுவது நியாயமே. புண்ணில் கிருமி சேரலாம். முழங்கால் முழுதும் மடங்காமற் போகலாம். இப்படியே விட்டாலும் உயிருக்குத் தீங்கில்லை. ஆனால், கோணல் வழியே இறங்கும் சுமை முழங்காலை ஒரு புறமாகவே தேய்த்துக்கொண்டிருக்கும்" என்றார்.

நான் இரண்டு திங்கள் எண்ணிப் பார்த்தேன். எந்த முடிவிலும் இழப்பு இருந்தது. இறுதியில் இசைந்தேன்.

என் காலுக்குச் செய்த சிகிச்சையைக் கண்டவர் கவ்ரீல் இலிசாரோவ் (1921-1992) என்னும் மருத்துவர். சைபீரியாவில் உள்ள கூர்கான் என்னும் ஊரில் 1950களில் அவர் வளையங்களும் கம்பிகளும் கொண்ட ஒரு கருவியை அமைத்தார். வெட்டிய எலும்பின் முனைகளைச் சில நாள் அசையாமல் வைத்திருந்து, பின் மெல்ல மெல்ல விலக்கினால், இடைவெளியில் புதிய எலும்பு வளரும் என்று கண்டார். 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் வென்ற வலேரி புரூமெலின் கால், மறு ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் நொறுங்கியது. பல அறுவைகளாலும் குணமாகாத அக்காலைச் சீராக்கியவர் இவரே.

விலக்கும் அளவு ஒரு நாளைக்கு ஒரே மில்லிமீட்டர். அதையும் நான்காகப் பகுத்து, ஆறு மணிக்கு ஒருமுறை கால் மில்லிமீட்டர் வீதம் மரைகளைத் திருக வேண்டும். விரைந்தால் எலும்பு வளராது. தாமதித்தால் முன்னரே இறுகிவிடும். இவ்வேலையை என் அன்னையே கற்றுக்கொண்டார். உடைக்க வேண்டா என்று அழுதவர், நள்ளிரவிலும் எழுந்து விளக்கேற்றி மரையைத் திருகினார், ஒருமுறையும் தவறவில்லை. நாற்பது நாளில் கால் நீண்டது. புதிய எலும்பு கெட்டியாக மேலும் பல திங்கள் ஆயின. வளையங்களைக் கழற்றிய அன்று என் இரு குதிகால்களும் தரையைத் தொட்டன.

இன்றும் என் முழங்கால் முழுதும் மடங்குவதில்லை. பந்தியில் சம்மணமிட்டு உண்ண இயலாது. அந்த இழப்பை அறிந்தே ஏற்றேன். ஊருக்குத் திரும்பியபோது கட்டுக் கட்டும் முதியவர் என்னைக் காண வந்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் வாங்கி, வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "தம்பி, கைக்குச் செய்ததையே தொடைக்கும் செய்தேன். உள்ளே இருப்பது எனக்குத் தெரியவில்லை" என்றார். அதன்பின் தொடை முறிந்து வந்தவர்களை அவர் உடனே மருத்துவமனைக்கு அனுப்பலானார்.

மாணவர்களே, முறிந்த எலும்பு முதற்சில வாரங்களில் இளகிய நிலையில் இருக்கும். அப்போது படம் எடுத்துப் பார்த்துத் திருத்துதல் எளிது. இறுகியபின் திருத்த வேண்டுமாயின், அதற்கு வாளும் கம்பியும் வேண்டும். அவற்றினும் மேலாக, நாள்தோறும் தவறாமல் மரை திருகும் பொறுமை வேண்டும்.