வயிறு பெருத்த கும்பிடுபூச்சி

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையை ஒட்டிய ஒரு கிராமம். அங்கே ஏழாம் வகுப்பு படிக்கும் சிறுமி ஒருத்தி பாட்டிலில் கும்பிடுபூச்சி வளர்த்தாள். முதல் பூச்சி இரண்டே நாளில் செத்தது. முந்தின நாள்தான் அவள் அப்பா கத்திரிக்கு மருந்து அடித்திருந்தார். அந்த வரப்பில் பிடித்த வெட்டுக்கிளியைத்தான் அவள் தீனியாகப் போட்டிருந்தாள். "நீ அங்க புடிப்பேன்னு தெரியாது பாப்பா" என்றார் அப்பா. இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை.

அடுத்து கிடைத்தது பெண் பூச்சி. இந்த முறை, மருந்து படாத வீட்டுக் கொல்லையில் ஈ, அந்துப்பூச்சி, சின்ன வெட்டுக்கிளி என்று உயிரோடு பிடித்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்தாள். காலையில் இலையில் தண்ணீர் தெளித்தாள். அந்தச் சொட்டுகளைத்தான் பூச்சி குடிக்கும். சில நாளில் வயிறு பெருத்தது. பிறகு இரையைத் தொடவில்லை; மேலும் கீழும் அலைந்தது. இதுவும் சாகப்போகிறது என்று அழுதாள்.

ஆயாதான் உற்றுப் பார்த்துச் சொன்னார்: "சாவல கண்ணு. முட்டைக்கு எடம் தேடுது. கோழி அலையல?"

ஆயா சொன்னது சரி. முட்டை வைக்கும் முன் பெண் பூச்சி தீனியைக் குறைத்துவிடும். நுரையைச் சுரந்து அதற்குள் முட்டைகளை அடுக்கும். நுரை காய்ந்து கெட்டியான கூடாகும். பிடித்துத் தொங்கிக்கொண்டு கூடு கட்ட, சொரசொரப்பான குச்சி வேண்டும். வழுக்கும் பாட்டிலில் பிடிமானம் இல்லை. முட்டை வயிற்றிலேயே தங்கினால் பூச்சி செத்தும் போகலாம். வயிறு பெருத்த நேரத்தில் உயரத்திலிருந்து விழுந்தாலும் ஆபத்து.

அப்பா பழைய கூடையில் கொசுவலையைக் கட்டி, உள்ளே முருங்கைக் குச்சிகளைச் சாய்த்து வைத்தார். மறுநாள் காலை குச்சியில் கூடு இருந்தது. பூச்சியின் வயிறு ஒட்டிக் கிடந்தது. இந்த நேரத்தில்தான் தண்ணீரும் நல்ல தீனியும் உடனே வேண்டும். ஒரே பூச்சி சில வார இடைவெளியில் பல கூடுகள் கட்டும். ஆணோடு சேராவிட்டாலும் கட்டும். ஆனால் அவை பெரும்பாலும் பொரிக்காது.

மூன்றாவது கூட்டுக்குப் பிறகு அதன் கால்கள் தளர்ந்தன. ஒரு நாள் இறந்து கிடந்தது. "நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். தப்பு எதுவும் இல்லை. வளர்ந்த பூச்சிக்கு ஆயுசு சில மாதங்கள்தான்.

கூடுகளைக் குச்சியோடு கொல்லையில் நிழலான இடத்தில் கட்டினாள். ஒன்றின் பக்கவாட்டில் ஊசி குத்தியதுபோல ஓட்டைகள். ஒட்டுண்ணிக் குளவி முந்திக்கொண்டது. இன்னொன்றிலிருந்து ஒரு காலை எறும்பு அளவுக் குஞ்சுகள் நூல்போலத் தொங்கி இறங்கின. சேர்த்து அடைத்தால் ஒன்றையொன்று தின்னும் என்பதால் அப்படியே விட்டுவிட்டாள்.

இந்தக் குஞ்சுகள் கத்திரியைக் காப்பாற்றிவிடாது. காய்க்குள் இருக்கும் புழு அவற்றுக்கு எட்டாது. தேனீ கிடைத்தால் அதையும் பிடிக்கும். புழுவுக்கு, வாடிய குருத்தைக் கிள்ளி அழிப்பதும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும்தான் முதல் வேலை. அப்பா இரண்டையும் செய்கிறார். அதனால் மருந்து குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஆனால் அடிப்பதற்கு முந்தின நாள் மகளிடம் சொல்லிவிடுகிறார். அவள் வரப்பைச் சுற்றிப் பார்த்து, கூடு இருக்கும் குச்சிகளை ஒடித்துக் கொல்லைக்குக் கொண்டுவந்துவிடுகிறாள்.